சுவாமி தாவாவின் நாற்பது விநாடி

அலுமாரியின் மேல்தட்டில், கம்பளிப் போர்வைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோதே குணவதிக்கு விளங்கிவிட்டது. இசைத்தட்டு அங்கே இல்லை. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. போர்வைகள் நான்கையும் இழுத்து நிலத்தில் போட்டு உதறினாள். கதிரையில் ஏறி மூலைவரைக்கும் பார்த்தாள். ஒரு பழைய குடையும் கிழிந்த தலையணையும்தான் இருந்தன.

1986ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. விடிய ஐந்து மணியிலிருந்து ஓக்லண்ட் நகரத்து ஏவன்டேல் வீட்டுக் குசினியில் நின்று ஐந்து மரக்கறிக் கறி சமைத்து, வடை சுட்டு, பாயாசம் இறக்கிவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தாள். மத்தியானம் கணவருடைய பிரார்த்தனைக் குழுவினர் நான்கு பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் றோஸ்மேரி வீட்டுக்கு ஓடிப்போய் ஓடிவந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். றோஸ்மேரி மன்னார்க்காரி. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். குணவதியோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். அவள் புருஷன் செபஸ்ரியன் புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருந்தான். மேலே இசைத்தட்டு சுழன்றால் கீழே கசெற்றில் பதியும். "சனிக்கிழமை கொண்டு வாங்கோ அக்கா, உங்கட அண்ணனைக் கசெற்றில ஏத்தித் தாறன்" என்று சொல்லியிருந்தான். கிழமை முழுக்க அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டுதான் குணவதி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்தாள்.

அந்த இசைத்தட்டின் கதையைச் சொல்லாவிட்டால் அவளுடைய கோபத்தின் நியாயம் உங்களுக்குப் பிடிபடாது.

அவளுடைய அண்ணன் தவராசா 1968இல் லண்டனில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். படித்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள் இருந்தார்கள். தோள்வரைக்கும் முடி, வெல்வெற் கோட்டு, வாழ்நாளில் ஒருநாளும் குளிக்காத தோற்றம். 'அம்பிரெல்லா பார்லிமென்ட்' என்று தங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். குடைகளின் பாராளுமன்றமாம். அந்த வருடம் லண்டனில் பாட்டுப் போட்ட எல்லோருக்கும் கொஞ்சம் இந்தியா தேவைப்பட்டது. சித்தார் வாசிக்க ஆள் தேடியவர்கள், தேடிக் களைத்து, மாடியில் இருந்த கறுத்தப் பையனின் கதவைத் தட்டினார்கள். தவராசாவுக்குச் சித்தாரை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றும் தெரியாது. அப்படியென்றால் ஒரு மந்திரமாவது சொல் என்றார்கள். அதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு தேவாரத்தையும் அந்தப் புகைக்குள் நின்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே கண்ணை மூடினான், கைகூப்பினான், யாழ்ப்பாணம் காங்கேசன்துறை பஸ்ஸின் கொண்டக்டரைப் போல மூக்கால் இழுத்துச் சொன்னான்: "கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, காங்கேசந்துறை… முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ!" மேளம் அடித்த பையன் கண் கலங்கிவிட்டானாம். அதைத் தங்கள் இசைத்தட்டில் சேர்த்து, அட்டையின் பின்புறத்தில் அச்சடித்தும் விட்டார்கள்: 'புனித மந்திரம்: சுவாமி தாவா.' இசைத்தட்டோடு வந்த கடிதத்தில் தவராசா தங்கைக்கு எழுதியிருந்தான், "நான் சுவாமியாகிவிட்டேன், இனிமேல் என்னைக் கண்டால் காலில் விழு" என்று.

இசைத்தட்டின் பெயர் 'கெற்றிலுக்குள் ஒரு புதன்கிழமை'. அட்டையில் பெரிய தேநீர்க் கெற்றில், அதற்குள் நம்முடைய பிள்ளையார், தலையில் கறுப்புத் தொப்பி, தும்பிக்கையில் புகைக்குழாய். உள்ளே தபால்காரன் ஒருவன் நத்தையாக மாறுகிற பாட்டு, கிழவி ஒருத்தி சுவர்க்கடிகாரத்தைக் கல்யாணம் கட்டுகிற பாட்டு, நாடாவைப் பின்பக்கமாக ஓடவிட்டு யாரோ விக்கலெடுப்பதுபோலச் செய்த ஒரு கித்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில், எல்லா வாத்தியமும் ஓய்ந்த பிறகு, நாற்பது விநாடி தவராசா. அதை யாரும் வாங்கவில்லை. வெளியிட்ட கம்பனியும் அடுத்த வருடமே இழுத்து மூடப்பட்டது. உலகத்தில் அந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

தவராசா ஊருக்குத் திரும்பினான், கொழும்பில் வேலை எடுத்தான், கல்யாணம் கட்டாமல் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தான். 1983 ஜூலைக் கலவரத்தில் அந்த வீட்டுக்குக் கூட்டம் வந்தது. வீடு எரிந்தது. அம்மா செத்தபிறகு குடும்பப் படங்கள் எல்லாம் அவனிடம்தான் இருந்தன, அவையும் எரிந்தன. உடம்பு கிடைக்கவில்லை. குணவதி அப்போது ஓக்லண்டுக்கு வந்து இரண்டு வருடம். பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த அந்த நாற்பது விநாடியைத் தவிர அவளுக்கு அண்ணன் என்று மிஞ்சியது ஒன்றுமில்லை. சொந்தமாக இசைத்தட்டுப் பெட்டிகூட இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை றோஸ்மேரி வீட்டுக்குப் போய், கடைசிப் பாட்டில் ஊசியை வைத்து, சிரித்துவிட்டு வருவாள். ஆம், சிரித்துவிட்டு. அந்தக் குரலைக் கேட்டு யாராலும் அழ முடியாது.

கூடத்துக்கு வந்தாள். கணவர் கதிர்காமநாதன் விருந்தாளிகளுக்காக நிலத்தில் விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார். பென்ரோஸில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். விரிப்பின் மடிப்பைக்கூட அளவுகோல் வைத்தவர்போலச் சரிசெய்வார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் குணவதிக்கு வேலை சுலபமாயிருக்கும்.

"இஞ்சேருங்கோ, அலுமாரிக்குள்ள இருந்த அண்ணன்ர றெக்கோட் எங்கை?"

அவர் விரிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"நான்தான் எடுத்தனான். நேற்றுப் பூசைக்கு இரத்தினசிங்கம் அண்ணை வந்தவரெல்லே. குளிருது, போர்வையொண்டு தாருமெண்டு கேட்டவர். எடுக்கேக்க அது சறுக்கி விழுந்திட்டுது. அவர் படத்தைப் பாத்திட்டார்."

"பாத்தா?"

"பிள்ளையாரைப் பகிடி பண்ணின படம், குணம். பூசை நடக்கிற வீட்டில வச்சிருக்கலாமோ? குப்பையில போடவும் ஏலாது, சாமிப் படம். அதுதான் காலமை அவரோட போய்த் தண்ணியில விட்டிட்டு வந்தனான். பழைய சாமிப் படத்தை விடுறமாதிரி, முறையா."

காது சூடேறுவது குணவதிக்குத் தெரிந்தது. "பூ வாங்கப் போறம்" என்று ஆறரை மணிக்குப் புறப்பட்ட இருவரும்! இவள் இங்கே கத்தரிக்காய்க்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்!

"அதுக்குள்ள அண்ணன்ர குரல் இருக்கு. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்…"

"தெரிஞ்சும் விட்டனீங்கள்?"

அவர் விரிப்பின் விளிம்பைத் தடவினார். கண் விரிப்பின் மேலேயே இருந்தது. அப்படிக் கண்ணைத் தாழ்த்துகிற மனிதர் முழுவதையும் சொல்லவில்லை என்று பதினெட்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? ஆனால் நின்று விசாரிக்க நேரமில்லை.

"எந்த இடத்தில விட்டனீங்கள்?"

"அது போயிருக்கும், குணம்."

"இடத்தைச் சொல்லுங்கோ!"

"ரெயில் பாலத்துக்குக் கிட்ட, படி இறங்கிற இடத்தில."

அவள் வெளிக்கதவைச் சாத்தவில்லை. அடித்தாள்.

ஏவன்டேலுக்குப் பின்னால் கடல்நீர் ஏறி இறங்குகிற ஒரு கழி இருக்கிறது. இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள். காலையில் நீர் நிறைந்திருந்திருக்க வேண்டும். இப்போது வற்றி, சாம்பல் நிறச் சேறு பளபளத்தது. குணவதி சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், இறங்கினாள். சேறு முழங்கால்வரை விழுங்கியது. குளிர் எலும்புக்குள் போனது. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே போனாள். கணவரை, இரத்தினசிங்கத்தாரை, அவருடைய குளிரை, போர்வையை, கெற்றிலுக்குள் பிள்ளையாரை இருத்திய அந்தக் குளிக்காத பையன்களை. கரையில் நாயோடு நடந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நின்று பார்த்தார். உதவி வேண்டுமா என்று கேட்டார். அவருக்கும் தமிழில் இரண்டு விழுந்தது.

நாற்பது முழம் தள்ளி, கண்டல் வேர்களுக்கிடையில் அட்டை சிக்கிக் கிடந்தது. ஊறி உப்பி, பிள்ளையாரின் தொப்பி உரிந்து தொங்கியது. உள்ளே கையை விட்டாள். இசைத்தட்டு இருந்தது. உடையவில்லை. நனைந்த உறைக்குள் கறுப்பாக, வட்டமாக, சேற்றோடு. அதை மார்போடு அணைத்தபோது அவளுக்கு முதன்முதலாக மூச்சு வந்தது. இத்தோடு திரும்பியிருந்தால் கணவருக்கு இரண்டு நாள் பேச்சில்லை, மூன்றாம் நாள் தேநீர் என்று விஷயம் முடிந்திருக்கும்.

படியோரம் ஏறும்போது கடற்பறவைகள் எதையோ கொத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஒரு கல்லின் மேல் அலுமினியத் தாள் விரித்திருந்தது. அதன் மேல் சோற்று உருண்டைகள். பறவைகள் தின்றதுபோக ஒன்றரை உருண்டை மிச்சம். கிள்ளிப் பார்த்தாள், சோற்றுக்குள் கறுப்பு எள்ளு. பக்கத்தில் புல்லை முறுக்கிச் செய்த மோதிரம், இரண்டு கமீலியாப் பூ.

குணவதி அப்படியே நின்றாள். பழைய சாமிப் படத்துக்கு யாரும் பிண்டம் வைப்பதில்லை. எள்ளும் சோறும் யாருக்கு வைப்பது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, சாம்பலைக் கடலில் விடும்போது வைப்பது அது. சாம்பல் இல்லாததால் இசைத்தட்டை விட்டிருக்கிறார்கள்.

பிறகு புதன்கிழமை ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார், "கொண்ணருக்கு என்ன கறி பிடிப்பு?" மூன்று வருடத்தில் அண்ணனைப் பற்றி அவராக வாய் திறந்தது அன்றுதான். அவளுக்கு என்ன சந்தோஷம்! கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், மரவள்ளிக்கிழங்கு, உழுத்தம் வடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அப்ப சனிக்கிழமை அதையே செய்யன்" என்றார். சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடைக்கு பஸ் பிடித்துப்போய் வாழைக்காய் வாங்கி வந்தவள் அவள். விடிய எழும்பி, தலை குளித்து, தன் அண்ணனின் செத்தவீட்டுப் படையலைத் தன் கையாலேயே சமைத்தவளும் அவள். பாயாசத்துக்குக் கஜு வறுக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

அப்படியென்றால், போர்வை எடுக்கும்போது சறுக்கி விழுந்த கதையே பொய். இப்போது அவளால் திட்டக்கூட முடியவில்லை.

நேரே றோஸ்மேரி வீட்டுக்குப் போனாள். சேறு சொட்ட வாசலில் நின்றவளைப் பார்த்து, "மாதாவே, என்னக்கா இது?" என்று றோஸ்மேரி அலறினாள். குணவதி நான்கு வசனத்தில் சொன்னாள். றோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு கதிர்காமநாதனை மன்னார்ப் பாணியில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. செபஸ்ரியன் கையை நீட்டினான். இசைத்தட்டை வாங்கி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தில் மெதுவாகக் கழுவி, பழைய பனியனால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கீறல் இருக்கு. ஆனா பாடும்."

ஊசியை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. தபால்காரன் நத்தையானான், கிழவி கடிகாரத்தைக் கட்டினாள், எல்லாம் பொரிகிற சத்தத்தோடு. கடைசியில் வாத்தியங்கள் ஓய்ந்தன.

"கொக்குவில், கோண்டாவில், இணுவில்…"

குரல் தெளிவாகவே வந்தது. ஒரு ஊரும் விடுபடவில்லை. கசெற் சுழன்றது. றோஸ்மேரி வழக்கம்போலச் சிரிக்கத் தயாராகி, குணவதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இன்னும் எள்ளு ஒட்டியிருந்தது. போன மாதம்வரைக்கும் அது வெள்ளைக்காரனுக்குப் பகிடி விடுகிற இருபத்து நான்கு வயதுப் பொடியனின் குரல். இன்றைக்கு அது செத்தவனின் குரல். தண்ணீரில் விட்டதை எடுத்துவிட்டாள், கழுவிவிட்டாள், கசெற்றிலும் ஏற்றிவிட்டாள். அந்தச் சிரிப்பை மட்டும் எந்தச் சவர்க்காரத்தாலும் திருப்பி எடுக்க முடியாது. அதைத்தான் அந்த இரண்டு ஆண்களும் காலை ஏழு மணிக்கு அவளைக் கேட்காமல் கழியில் விட்டிருக்கிறார்கள்.

"இன்னொருக்கால் போடட்டோ அக்கா?" என்றான் செபஸ்ரியன்.

"வேண்டாம்." எழுந்தாள். "றோஸ்மேரி, வீட்டில மீன் இருக்கோ?"

"மீனோ? நேற்று இவர் பாலத்தடியில பிடிச்ச கஹவாய் ரெண்டு கிடக்கு. ஏன்?"

"ஒண்டைத் தா."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. கூடத்தில் விரிப்பில் இரத்தினசிங்கமும் மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓக்லண்டில் அப்போது ஐயர் இல்லை. பால் காய்ச்சுவது முதல் கல்யாணம்வரை புத்தகத்தைப் பார்த்து எல்லாம் செய்துவைப்பவர் இந்த இரத்தினசிங்கம்தான். கொழும்புச் சுங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சுவரோரம் ஒரு பலகையில் அவள் சமைத்த கறிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் படைக்கப்பட்டு, முன்னால் விளக்கு எரிந்தது. அவள் இல்லாத நேரத்தில் கணவர் செய்திருக்கிறார். சுத்தமாக, வரிசையாக.

சேறு காய்ந்த காலோடு அவள் விரிப்பின் நடுவில் வந்து நின்றாள்.

"இந்தச் சாப்பாடு ஆருக்கு?"

"குணம், உள்ளுக்குப் போய்க் கதைப்பம்…"

"ஆருக்கு எண்டு கேக்கிறன்."

இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, இரும். ஆத்துமா அலையக்கூடாது. மூண்டு வருசமாகுது. உடம்பு கிடையாட்டா தர்ப்பையில உருவம் செய்து கடமையைச் செய்யலாமெண்டு விதி இருக்கு. இஞ்ச தர்ப்பைக்கு எங்க போறது? அவற்ற குரலே இருக்கிற சாமான், அதைவிட வேறென்ன வேணும்? உம்மட நன்மைக்குத்தான் தம்பி செய்தவர்."

"என்னை ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ விடமாட்டாய்," என்றார் கதிர்காமநாதன் மெதுவாக.

"அப்ப, நான் விடமாட்டன் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் செய்தனீங்கள்."

"நீ ஒருநாளும் அழேல்லை, குணம். செய்தி வந்த அண்டைக்கும் அழேல்லை. மாசம் மாசம் போய் அந்த றெக்கோட்டைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டு வாறாய். எனக்குப் பயமாக் கிடந்தது. அவர் உயிரோட இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய் எண்டு…"

"எனக்கென்ன விசரே? என்ர அண்ணன் செத்துப்போனார். வெள்ளவத்தையில, வீட்டு வாசலில. பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி எழுதின கடிதம் என்னட்டக் கிடக்கு, நீங்கள் வாசிக்கேல்லை. நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. சலவைக்கூடத்தில, கொதிதண்ணி மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு அழுதனான், ரெண்டு மாசம். ஆவிக்குள்ள ஆர் பாக்கிறது? அழுது முடிச்சுத்தான் சிரிக்கத் தொடங்கினனான். அதையும் பிடுங்கிப்போட்டியள்." குரல் உடைந்தது. அவள் அதை இழுத்து நிமிர்த்தினாள். "அவருக்குக் கடமை செய்யவேணும் எண்டா அது நான் சொல்லுற நாளில நடக்கும். எனக்குச் சொல்லாம, என்ர கையாலயே சமைப்பிச்சு… வெக்கமில்லையோ உங்களுக்கு?"

இரத்தினசிங்கம், "விளக்கு எரியுது பிள்ளை, அதுக்கு முன்னால சத்தம் போடாதையும்" என்றார்.

குணவதி குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். குசினிக்குப் போனாள்.

முதலில் அவர்களுக்கு விளங்கவில்லை. கத்தி பலகையில் விழுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம். பிறகு எண்ணெய் கொதித்தது, அதற்குள் என்னவோ விழுந்து சீறியது. மிளகாயும் மஞ்சளும் சேர்ந்த மீன் பொரியல் மணம் குசினி வாசலைத் தாண்டி, கூடத்துக்கு வந்து, படையலின் மேல் இறங்கியது. அந்தியேட்டி நடக்கிற வீட்டில், படைத்த சோறு ஆறுமுன்னே, மீன்! இரத்தினசிங்கம் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, செய்ததெல்லாம் பழுது. எல்லாம் பழுது!"

"ஓம், பழுது!" என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "அதுக்குத்தான் பொரிக்கிறன்!"

அவர் சப்பாத்துக்கூட ஒழுங்காகப் போடவில்லை. மற்ற மூவரும் பின்னால் போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்று வடையைப் பார்த்தார், பிறகு அவரும் போனார். கார் புறப்படுகிற சத்தம் கேட்டது.

கதிர்காமநாதன் விரிப்பில் தனியே உட்கார்ந்திருந்தார். குணவதி சட்டியோடு வந்தாள். படைத்திருந்த தட்டை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் நடுவில், அன்று காலை எள்ளும் தண்ணீரும் இறைத்த கைக்கு முன்னால், பொரித்த மீன் துண்டைப் போட்டாள்.

"தின்னுங்கோ. இல்லாட்டி நீங்களும் அவையோட போங்கோ."

அவர் மீனைப் பார்த்தார். அவளுடைய காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு, நெற்றியிலிருந்த திருநீற்றைச் சால்வையால் துடைத்துவிட்டு, மீனைப் பிட்டு வாயில் வைத்தார்.

அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கஹவாய் மீனுக்கு முள் அதிகம். அதை அவள் சொல்லவில்லை.